பெயிண்டுக்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் என் நிஸான் ஒன் டன் லாரியைப் பற்றி எழுதியிருந்தேன். ராணுவம் கழித்துவிட்ட வண்டி. அதை வாங்கி, ஆனேக்கல் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் போட்டு, நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்து ஓட வைத்த கதை. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் பெங்களூரிலிருந்தே வந்திருக்கின்றன. அது இயல்புதான். அல்சூர் ஏரிக்கரையில் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், கொஞ்சம் தள்ளி ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவான ஏ.எஸ்.சி.யின் சென்டர் என்று இந்த ஊரின் தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பச்சை லாரி என்பது பள்ளிக்கூட வேன் மாதிரி தினமும் கண்ணில் பட்ட பொருள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சக்திமான் என்ற பழைய ராணுவ லாரி ஒன்று வாங்க ஆசை. ஒரு யார்டில் பார்த்தேன், எஞ்சின் நன்றாக இருக்கிறது. பேப்பர் மட்டும் இல்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் யார்டுக்காரர். வாங்கலாமா?
– கே.ஆர். புரம் வாசகர்

வேண்டாம். எஞ்சின் தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாம்.

காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ராணுவத்தில் இருக்கும்வரை அந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 60-வது பிரிவின்படி அதற்குத் தனிப் பதிவு. மேல்நோக்கிய அம்புக்குறியோடு நம்பர் பிளேட்டில் நீங்கள் பார்ப்பது அதுதான். வண்டி கைமாறிய அன்றே அந்த நம்பர் செத்துப்போகிறது. அதற்குப் பிறகு உங்கள் பெயரில் பதிவு செய்யப் போனால், புது வண்டிக்கு ஷோரூம்காரர் கொடுக்கும் படிவம் 21 இருக்கிறதல்லவா, அந்த விற்பனைச் சான்று ராணுவ அதிகாரியிடமிருந்து அசலாக வந்திருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 47 இதைத் தனியாகவே சொல்கிறது. அந்தக் காகிதம் இல்லை என்றால், நீங்கள் வாங்குவது லாரி அல்ல, ஐந்தாறு டன் இரும்பு.

ஏலம் எல்லாம் இப்போது எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் மூலமாக இணையத்தில்தான் நடக்கிறது. தனி வண்டியாக வருவதைவிடப் பல வண்டிகள் சேர்ந்த லாட்டாக வருவதுதான் அதிகம், அதனால் நம்மைப் போன்றவர்கள் நேராக எடுப்பது குறைவு. மொத்தமாக எடுத்த வியாபாரியிடமிருந்துதான் வாங்குகிறோம். அப்படி வாங்கும்போது ஏல உத்தரவு, பணம் கட்டிய ரசீது, டெப்போவிலிருந்து வண்டியை வெளியே விட்ட சீட்டு, வியாபாரி உங்களுக்கு எழுதிக் கொடுப்பது எல்லாவற்றிலும் ஒரே சேசிஸ் நம்பர் இருக்க வேண்டும். நான் போகும்போது ஒரு எமரி தாள், ஒரு பென்சில், மெல்லிய வெள்ளைத் தாள் கொண்டுபோவேன். சேசிஸில் நம்பர் அடித்த இடத்தில் நாலைந்து கோட்டிங் பெயிண்ட் ஏறியிருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாக உரசினால் எழுத்து எழும்பி வரும். அந்தத் தாளைப் பேப்பரோடு வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். எனக்குப் பிடித்துப்போன முதல் வண்டியில் கடைசிக்கு முந்தைய எண் 3, பேப்பரில் 8. திரும்பி வந்துவிட்டேன். ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அந்த லாட் ஓட்டுவதற்காக விற்றதா, உடைப்பதற்காக விற்றதா? 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உடைக்க விற்ற வண்டியை எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும் ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது.

சக்திமான் என்றால் கூடுதல் நிதானம் வேண்டும். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959-ல் ஜபல்பூரில் செய்ய ஆரம்பித்தது, 1996-ல் நிறுத்திவிட்டார்கள். அதாவது ஆகக் கடைசியாகச் செய்த சக்திமானுக்கே இன்று சுமார் 30 வயது. முதல் வண்டி என்றால் நிஸான் ஒன் டன்னோ, ஜீப் மாதிரியான ஜோங்காவோ வாங்குங்கள். இரண்டுமே அதே ஜபல்பூர் வண்டிகள்தான், ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு ஆள்படை தேவையில்லை.

அசல் மாதிரியே ஆலிவ் கிரீன் அடிக்கலாமா? சேகரிப்புக்காகத்தானே?
– விவேக் நகர், கம்மனஹள்ளி, தாசரஹள்ளி வாசகர்கள் மூவர்

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121: பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. சேகரிப்பு, கண்காட்சி, கல்யாண ஊர்வலம் எதற்கும் விலக்கு இல்லை. அம்புக்குறி நம்பர், படைப்பிரிவுச் சின்னம் இவற்றையும் எடுத்துவிட வேண்டும். எனக்கும் இதில் மனக்கஷ்டம் உண்டு, அந்த நிறத்துக்காகத்தானே காதலே ஆரம்பித்தது. ஆனால் அந்த நிறம் ரோட்டில் போகும்போது மற்றவர்கள் வழி விடுகிறார்கள், சோதனைச் சாவடியில் கை காட்டாமல் விடுகிறார்கள். அந்த மரியாதை வண்டியை ஓட்டிப்போகும் ஜவானுக்கு உரியது. நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் செம்மண்ணும் காக்கியும் கலந்த மாதிரி ஒரு மண் நிறம் அடித்தேன், ஆர்.சி.யிலும் அதையே எழுத வைத்தேன். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது முன்சக்கரத்து மட்கார்டுக்கு மேலே ஸ்டென்சிலில் அடித்த 'டி.பி.' என்ற எழுத்தும் காற்றின் அளவும் தெரிந்தன. எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று டிரைவர் யோசிக்காமல் இருக்க ராணுவத்தில் அப்படி எழுதி வைப்பார்கள். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே அளவில் மறுபடி எழுத வைத்தேன். டேஷ்போர்டில் இருக்கும் கியர் படம் போட்ட தகட்டையும் பெயிண்டர் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் பழைய வாழ்க்கையைக் காட்ட இவை போதும்.

பெயிண்ட் பற்றி இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். டயர் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் இந்த இதழில் பெரிய பதில்.

ஜீப்பும் ராணுவ லாரியும் வைத்திருக்கிறேன். சக்கரங்களைக் கழற்றி மணல் பிளாஸ்டிங் கொடுத்துத் துருவை எடுத்துப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். நானே கழற்றலாமா, ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– ஒயிட்ஃபீல்டு வாசகர்

தம்பி, இதைப் படித்து முடிக்கும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

கார் சக்கரத்தில் ரிம் ஒரே துண்டு. இந்த வண்டிகளில் அப்படி இல்லை. பழைய ராணுவ ஜீப்பின் ரிம் இரண்டு பாதிகள். இரண்டையும் சுற்றிலும் போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். டயர் கிழிந்தால் காட்டிலேயே பிரித்து மாட்டலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நடுவில், ஹப்பை ஒட்டி இருக்கும் 5 நட்டுகள்தான் சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. அதற்கு வெளியே ஒரு வட்டமாக இருப்பவை ரிம்மின் இரண்டு பாதிகளைப் பிடித்திருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்து நட்டைக் கழற்றினால், கடைசி இரண்டு மூன்று போல்ட்டில் அத்தனை அழுத்தமும் ஏறி, அது அறுந்து, ரிம் பாதி உங்கள் முகத்துக்கு வரும். உலகம் முழுக்க இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதுவும் புதிதாக வண்டி வாங்கியவர்கள்தான் அதிகம், எந்த நட் எதற்கு என்று தெரியாமல்.

லாரியில் வேறு மாதிரி. 20 அங்குல ட்யூப் டயரில் ஒரு பக்கம் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கும், ரிம்மின் பள்ளத்தில் உட்கார்ந்து டயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காற்று என்று கேட்க சின்னதாகத் தெரிகிறது, ஆனால் டயரின் முழுப் பக்கத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த ரிங்கை டன் கணக்கில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ரிங் உட்காரும் பள்ளம் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் பிடிப்பு எங்கே இருக்கும்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஹைவே ஓரத்தில் ஒரு பங்க்சர் கடை. பையன் ரிங்கைப் போட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தான். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த பழைய லாரி டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசாமல் என் சட்டைக் காலரைப் பிடித்து டயரின் நேர் எதிரிலிருந்து பக்கவாட்டுக்கு இழுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெடிச்சத்தம். ரிங் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போய் பின்னால் கொல்லையில் விழுந்தது. பையன் கையை எடுத்து காற்று ஹோஸை நகர்த்திய நேரம், தப்பினான். மூன்று பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். அதற்குப் பிறகு யார் கொட்டகைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான்.

ஆகவே: வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே வால்வு ஊசியை எடுத்துவிட்டுக் காற்றை முழுக்க இறக்குங்கள். பின்னால் ஜோடிச் சக்கரம் என்றால் இரண்டிலும். சத்தம் நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள், வால்வு துவாரத்தில் ஒரு கம்பியை விட்டு அடைப்பு இல்லை என்று பாருங்கள். பிளாஸ்டிங் கொடுத்து வந்த பிறகு ரிம், ரிங் இரண்டையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, பள்ளம் அரித்திருந்தாலோ, ரிங் வளைந்திருந்தாலோ காயலான் கடைக்குப் போடுங்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு வண்டி ரிங்கை இன்னொரு வகை ரிம்மில் போடக் கூடாது. திரும்பக் காற்று ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து ஏற்றும் கடைக்கே போங்கள். கூண்டு இல்லாத இடத்தில் தடிமனான சங்கிலியால் ரிம்மையும் டயரையும் நாலு இடத்தில் சுற்றிக் கட்டி, கிளிப் வைத்த நீள ஹோஸில், டயரின் ஓடும் பக்கமாக நின்று ஏற்ற வேண்டும். ரிங் இருக்கும் முகத்துக்கு எதிரில் நிற்கவே கூடாது. 10 பவுண்டில் நிறுத்தி ரிங் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். காற்று உள்ளே இருக்கும்போது சுத்தியல் படவே கூடாது.

பெரியப்பாவின் கல் குவாரியில் 18 வருஷமாக ஒரு சக்திமான் நிற்கிறது. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– ஓசூர் வாசகர்

உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். நின்றுபோன டீசல் எஞ்சினில் மூன்று ஆபத்து. பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கும், பேரிங்கில் எண்ணெய் இருக்காது, மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: டீசல் பம்ப்புக்குள் இருக்கும் ரேக் ஒட்டியிருக்கும்.

டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் சமமாகக் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் முன்பக்கத்து கிராங்க் புல்லி நட்டில் நீளக் கம்பி போட்ட ஸ்பேனரை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. வரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். பலம் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும். சுற்றிவிட்டது என்றால், நாசில் இல்லாமலேயே இன்னும் பத்துச் சுற்று சுற்றி அந்தக் கலவையை வெளியேற்றுங்கள்.

இப்போது பம்ப். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் ஒரு பல் வைத்த கம்பி தெரியும், ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப முன்னும் பின்னும் போய் எவ்வளவு டீசல் என்று முடிவு செய்வது அதுதான். விரலால் தள்ளினால் நழுவிப் போய்த் திரும்ப வர வேண்டும். பழைய டீசல் கோந்து மாதிரி இறுகி அது முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் பிடித்த அடுத்த நொடி கத்த ஆரம்பிக்கும், ஸ்டாப் நாப்பை இழுத்தாலும் நிற்காது, சுற்று ஏறி ஏறிக் கனெக்டிங் ராடு வெளியே வரும்வரை ஓடும். பம்ப்பைக் கழற்றி ஒரு பம்ப் ரூமில், அதாவது டீசல் பம்ப் சரிபார்க்கும் பட்டறையில், கொடுத்துவிடுவதுதான் நல்லது. டீசல் பம்ப் செய்த, 1951-ல் ஆரம்பித்த மைகோ கம்பெனி இருந்த ஊர் இது, டீசல் பம்ப் தெரிந்த கைகள் பெங்களூரில் இன்னும் இருக்கின்றன. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து, காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடிப் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, இழுத்துக்கொள்ளும். ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஆயில் மீட்டரில் முள் எழுந்த பிறகுதான் டீசலை விடுங்கள். டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுப்பது உங்கள் ஊர் லாரி மெக்கானிக் எவருக்கும் கைவந்த வேலை, அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வண்டியை நகர்த்திவிடாதீர்கள். பிரேக் இன்னும் பார்க்கவில்லை.

என் ஜோங்காவில் பிரேக் ஆயில் ஊற்றி ஊற்றி மாளவில்லை. நாலு சக்கரத்திலும் புது ரப்பர் போட்டாயிற்று.
– ஜே.பி. நகர் வாசகர்

ரப்பரில் தவறு இல்லை, அது உட்காரும் சிலிண்டரில்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்ட வண்டியில் வீல் சிலிண்டரின் அடிப்பாகத்தில் தண்ணீர் தங்கி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், நகத்தால் தடவினால் தட்டுப்படும். அதில் புது ரப்பர் போட்டாலும் ஒரு மாதத்தில் கிழியும். என் நிஸானில் மூன்று சிலிண்டர் அப்படி இருந்தது. லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் போட்டேன், ஆறு வருஷமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்னொன்று: ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

நிஸான் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் போடச் சொல்கிறார்கள். மைலேஜ் தாங்கவில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோலும் கெடுக்குமாமே?
– பானஸ்வாடி வாசகர்

எனக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான் வருகிறது. மாதத்துக்கு 60 கிலோமீட்டர் ஓட்டினால் 15 லிட்டர். அந்தச் செலவு பிடிக்காது என்றால் இந்த வண்டியே வேண்டாம், யோசித்து முடிவெடுங்கள். எஞ்சினை மாற்றுவதற்குச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அந்த 3,956 சிசி, 6 சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும் சத்தம்தான் இந்த வண்டி. அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது தகரமும் நாலு சக்கரமும். என் கருத்து, மாற்றாதீர்கள்.

எத்தனால் விஷயம் உண்மை. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் இல்லாத காலத்து ரப்பர். உப்பும், பிசுபிசுக்கும், வெடிப்பு விடும். நான் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றினேன். ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். ஹோஸின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். எத்தனால் டேங்கில் ஈரத்தையும் இழுத்துத் துருவாக்கும், அதனால் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். காற்று விகிதம் கூடிவிடுவதால் ஏற்றத்தில் எஞ்சின் இருமும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் சரியாகிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நாட்டில் நின்றுவிட்டது, அதனால் ஹெட்டை எப்போதாவது இறக்கினால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு கெட்டியான சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே இறக்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். போதுமா?
– ஹெப்பாள் வாசகி

போதாது சகோதரி, அதைவிடச் சும்மா விட்டிருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். ஐந்து நிமிஷத்தில் ஆயில் சூடாகாது. எரிந்த புகையிலிருந்து வரும் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும், கியர்பாக்ஸும் பிரேக்கும் அசையாமல் அப்படியே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அப்படி ஓட்டும்போது ஒரு மண் ரோடு பார்த்து ஃபோர் வீலையும் ஒரு தடவை போட்டு எடுங்கள். தார் ரோட்டில் போடாதீர்கள், முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு லிவர் திரும்ப வராது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் டைட். கிரீஸ் கன்னை எடுத்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள், கறுப்பு போய் புதுசு எட்டிப் பார்க்க வேண்டும்.

24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து மொபைல் சார்ஜரும் பாட்டும் வைத்திருக்கிறேன். பேட்டரி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.
– மாரத்தஹள்ளி வாசகர்

காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒன்று காலியாகிறது, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி வேகிறது. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கி இரண்டுக்கும் சேர்த்து மாட்டுங்கள். பேட்டரியையும் ஜோடியாகவே, ஒரே நாளில், ஒரே வகையாக மாற்றுங்கள்.

கார் லைசென்ஸில் ஓட்டலாமா? 50 வருஷம் ஆனதால் விண்டேஜ் பதிவு கிடைக்குமா?
– எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்

சுமையோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக லைசென்ஸ் போதும். சரக்கு வண்டியாக இருந்தாலும் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. நிஸான், ஜோங்கா அதற்குள் வரும். சக்திமானுக்குக் கனரக லைசென்ஸ் எடுங்கள். 2021-ல் வந்த விண்டேஜ் விதி, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கானது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது, கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், தினசரி ஓட்ட முடியாது. ஜோங்காவுக்கு முயற்சி செய்யலாம். சரக்கு லாரிக்கு அது வழியல்ல என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேப்பரைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

என் அப்பா ஏ.எஸ்.சி.யில் டிரைவராக இருந்தவர், 79 வயது. உங்கள் கட்டுரையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, நிஸானை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும் என்கிறார். அழைத்து வரலாமா?
– காக்ஸ் டவுன் வாசகி

கண்டிப்பாக அழைத்து வாருங்கள் அம்மா. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? போன மாதம் இப்படி ஒரு பெரியவர் வந்தார். கண் சரியாகத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்காரவைத்து மண் ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். நான் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது கிளட்சை ஒரு தடவைதான் மிதித்தேன், கியர் பல் கடித்தது. "டபுள் கிளட்ச் போடுப்பா" என்றார். கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முன் ஜாயின்ட்டில் கிரீஸ் இல்லை, இடது பக்கம்" என்றார். கொட்டகைக்கு வந்து படுத்துப் பார்த்தேன். கிரீஸ் உள்ளே போகும் இடது பக்க நிப்பிள் மண் அடைத்துக் கிடந்தது, நான் மூன்று மாதமாக கிரீஸ் அடித்ததெல்லாம் உள்ளேயே போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு வாருங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் வழி அனுப்புகிறேன். கேபின் படி உயரம், அதனால் ஒரு மர ஸ்டூல் தயாராக வைக்கிறேன். உங்கள் பக்கம் ஒருவரும் என் பக்கம் ஒருவருமாகப் பிடித்து ஏற்றிவிடலாம். வண்டியை நகர்த்தாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அவரையே ஸ்டார்ட் செய்ய விடலாம். சோக் எங்கே என்று அவருக்கு நான் காட்ட வேண்டியிருக்காது. காலை 9 மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கேபின் தகரம் சுடும்.